கடவுள் உண்மைக்கு எது அளவை? முற்கோள் வழிக் கிறிஸ்தவ வாதமும் செங்கல்பட்டு வட்டாரத்துச் சிந்தனை மரபும்

வினாவும் களமும்

கடவுள் உண்டு என்று வாதிடுகிறவர் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது, கடவுள் உண்டா என்ற கேள்விக்கும் முந்திய கேள்வி. கிறிஸ்தவ மரபு இதற்கு நெடுங்காலம் தந்துவந்த விடை எளியது: நம்புகிறவரும் நம்பாதவரும் ஒருசேர ஒப்புக்கொள்ளும் ஒன்றிலிருந்து. உலகில் இயக்கம் உண்டு, காரணகாரியத் தொடர் உண்டு, ஒழுங்கு உண்டு. அவற்றைப் பற்றிக்கொண்டு முதற்காரணம் வரை ஏறலாம் என்று 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் ஐந்து வழிகளை வகுத்தார். மதுரையில் பணியாற்றிய ராபர்ட்டோ தெ நொபிலி (1577–1656) தமிழில் எழுதிய ஞானோபதேசத்திலும் இதே ஏணிதான் போடப்பட்டிருக்கிறது. பகுத்தறிவு காட்டும் இறைவன் முதற்படி. வேதம் வெளிப்படுத்தும் இறைவன் அடுத்த படி.

20ஆம் நூற்றாண்டில் சீர்திருத்தக் கிறிஸ்தவ மரபிலிருந்து எழுந்த ஒரு பள்ளி, இந்த ஏணியை ஊன்ற நிலமே இல்லை என்றது. இருதரப்புக்கும் பொதுவான நடுநிலைத் தளம் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொருவரும் தம் முற்கோளிலிருந்தே சிந்திக்கிறார். ஆகவே கிறிஸ்தவர் தம் முற்கோளை மறைக்காமல் அதன்மீது நின்றே வாதிட வேண்டும் என்பது அதன் நிலை. வாதம் தொடங்குவதற்கு முன்பே ஒருவர் கொண்டிருக்கும் அடிப்படைக் கோளை முற்கோள் என்று இங்கே குறிப்பிடலாம்.

இந்த நிலைப்பாட்டை எடைபோட, பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைவிடப் பொருத்தமான களம் அரிது. காஞ்சிபுரம், ஸ்ரீபெரும்புதூர், தாம்பரம், மாமல்லபுரம் ஆகிய நான்கும் அதற்குள் அடங்கியிருந்தன. (2019 நவம்பரில் பிரிக்கப்பட்ட இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் தாம்பரமும் மாமல்லபுரமும் உள்ளன; மற்ற இரண்டும் காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ளன.) கடவுளை அறிய எது அளவை, அதாவது எது நம்பத்தக்க அறிவு வழி, என்ற வினா இந்நிலத்தில் குறைந்தது ஆயிரம் ஆண்டுகளாக விவாதிக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் உருவான முற்கோள் வாதம் அங்கே நாத்திகர் ஒருவரையே எதிரில் கண்டது. இங்கே அது சந்திக்க வேண்டியவர்கள் பலர்.

வான் டில்லின் வாதம்

இப்பள்ளியின் மூலவர் கார்னீலியஸ் வான் டில் (1895–1987). நெதர்லாந்தில் பிறந்து, சிறுவயதில் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குக் குடியேறியவர். ஃபிலடெல்ஃபியாவில் 1929இல் தொடங்கப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் இறையியல் கல்லூரியில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்தார். நம்பிக்கைக்கு ஆதரவாக வாதிடுவது குறித்த அவருடைய முதன்மையான நூல் 1955இல் வெளிவந்தது. மனிதச் சிந்தனையின் எந்தத் துறையும் சமயச் சார்பற்றதன்று என்ற எண்ணத்தை அவர் நெதர்லாந்தின் ஆபிரகாம் கைப்பரிடமிருந்து பெற்றார். அறிவு இருப்பது உண்மையானால் அதற்கு எவையெல்லாம் இருந்தாக வேண்டும் என்று பின்னோக்கிக் கேட்கும் முறையைக் கான்ட்டிடமிருந்து பெற்றார்.

அவருடைய கூற்று இரண்டு அடுக்குகள் கொண்டது. இவற்றைப் பிரித்துப் பார்க்காததால்தான் இதுபற்றிய விவாதங்கள் பலவும் குழம்பிப்போகின்றன. முதல் அடுக்கு, நடுநிலை இல்லை என்பது. எது சான்று, எது நடக்கக்கூடியது, எது அபத்தம் என்று முடிவு செய்யும் கோள்கள் ஒருவருக்குள் முன்பே அமைந்திருக்கின்றன. விளக்கம் ஏறாத வெற்று உண்மை என்று உலகில் எதுவும் இல்லை. இரண்டாம் அடுக்கு இதைவிடத் துணிச்சலானது. தருக்க விதிகள் எங்கும் எப்போதும் செல்லுபடியாவது, இயற்கை நேற்றுப்போல் நாளையும் இயங்கும் என்று நம்புவது, நல்லது கெட்டது என்ற வேறுபாடு வெறும் விருப்புவெறுப்பாக இல்லாதது ஆகிய மூன்றும் விவிலியத்தின் திரியேக இறைவன் இருந்தால் மட்டுமே பொருள்படும் என்கிறார் வான் டில். எனவே கடவுளை மறுப்பவர்கூட, மறுப்பதற்கான கருவிகளை அந்தக் கடவுளிடமிருந்தே இரவல் வாங்குகிறார் என்றாகிறது.

இதை விளக்க அவர் ஒரு காட்சியைச் சொல்வதுண்டு. ரயிலில் தந்தையின் மடியில் உட்கார்ந்திருந்த ஒரு சிறுமி தந்தையின் கன்னத்தில் அறைந்தாள். மடி தாங்கியிராவிட்டால் அவள் கை அந்தக் கன்னத்துக்கு எட்டியிருக்காது. நாத்திகரின் நிலை இதுதான் என்பது அவர் கருத்து. அவருடைய மாணவர் கிரெக் பான்சன், 1985இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகத்தில் கார்டன் ஸ்டைன் என்ற நாத்திகருடன் நடத்திய பொதுவாதத்தில் இதையே கேள்வியாக்கினார். பருப்பொருள் மட்டுமே உள்ள உலகில் பருப்பொருளல்லாத தருக்க விதிகள் எப்படி எல்லோரையும் கட்டுப்படுத்தும் என்று அவர் கேட்க, அவை மனிதர் உடன்பட்டு ஏற்ற மரபுகள் என்றார் ஸ்டைன். மரபுதான் என்றால் வேறு மரபையும் ஏற்கலாம், அப்போது வாதமே நடக்காது என்று பான்சன் மடக்கினார். ஸ்டைனின் விடை போதாது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒருவர் விடை போதாததால் மற்றவர் விடை நிறுவப்பட்டதாகிவிடுமா என்பது தனிக் கேள்வி.

அருத்தாபத்தி

இந்த வாத வடிவம் தமிழ் மரபுக்குப் புதியதன்று. மணிமேகலையின் சமயக்கணக்கர் தந்திறம் கேட்ட காதையில், வஞ்சி நகரில் அளவைவாதி தன் கொள்கையை எடுத்துரைக்கும்போது அளவைகளைப் பத்தாக எண்ணுகிறான். காண்டல், கருதல், உவமம், ஆகமம் ஆகியவற்றை அடுத்து வருவது அருத்தாபத்தி. கங்கையில் ஆயர்குடி இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் குடிசை நீரில் மிதக்காது, ஆகவே கரையில் இருக்கிறது என்று கொள்கிறோம். மீமாஞ்சகரின் வழக்கமான உதாரணம் தேவதத்தன்: பகலில் உண்பதில்லை, ஆனாலும் கொழுத்திருக்கிறான், ஆகவே இரவில் உண்கிறான். கண்டது பொருந்த வேண்டுமானால் காணாத ஒன்றை ஏற்றாக வேண்டும் என்பதே அருத்தாபத்தியின் இலக்கணம். வான் டில்லின் வாதமும் இந்த இலக்கணத்தில் அப்படியே அடங்குகிறது. சிந்தனை நடக்கிறது என்பது தேவதத்தனின் பருத்த உடல். இறைவன் அந்த இரவு உணவு.

ஆகவே அருத்தாபத்தி குறித்து இந்தியத் தருக்கிகள் எழுப்பிய கேள்வி இதற்கும் பொருந்தும். நியாய மரபினர் அருத்தாபத்தியைத் தனி அளவையாக ஏற்கவில்லை. எதிர்மறை வழியில் செல்லும் அனுமானமாகவே அதைக் கொண்டார்கள். இரவு பகல் இரண்டிலும் உண்ணாதவன் கொழுத்திருக்கமாட்டான் என்ற பொதுவிதி உறுதியானால்தான் முடிவு தேறும். இரவில் உண்கிறான் என்பதைத் தவிர வேறு எந்த விளக்கமும் இல்லை என்று காட்டும் சுமை வாதியின் தலையில் விழுகிறது. தேவதத்தன் விஷயத்தில் அது எளிது. ஒருவன் கொழுக்கும் வழிகளை எண்ணிவிடலாம். சிந்தனையே எப்படிக் கூடுகிறது என்பதற்கான விளக்கங்களை எண்ணி முடிக்க யாரால் இயலும்?

எதிர்நிலை சாத்தியமில்லை என்று காட்டுவதே தம் நிரூபணம் என்கிறார் வான் டில். அதற்கு எதிர்நிலை ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். கிறிஸ்தவம் அல்லது கிறிஸ்தவமல்லாதது என்று இரண்டாகப் பிரித்தால் எதிர்நிலை ஒன்றாகிவிடும் என்று அவருடைய பள்ளி சொல்கிறது. ஆனால் அது பெயரளவில் மட்டுமே ஒன்று. அந்த ஒற்றைச் சொல்லுக்குள் இராமானுசரின் வேதாந்தம், மெய்கண்டாரின் சைவ சித்தாந்தம், இஸ்லாமிய இறையியல் என எத்தனையோ தனித்தனிக் கட்டுமானங்கள் இருக்கின்றன. ஒன்றைத் தகர்ப்பது மற்றொன்றைத் தகர்ப்பதாகாது. அவற்றில் பலவும் தருக்கத்துக்கும் அறத்துக்கும் ஆதாரமான முழுமுதற் பொருளை ஏற்பவை. பௌத்தத்தையும் தள்ளிவிட முடியாது. காஞ்சிக்கு அருகே பிறந்தவர் என்று திபெத்திய மரபு கூறும் திக்நாகர், படைப்பாளர் எவரையும் ஏற்காமலே இந்தியாவின் மிக நுட்பமான தருக்க முறைகளில் ஒன்றை உருவாக்கினார். அதுவும் இரவல் வாங்கியது என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் சொல்வதோடு நிற்காமல் எந்த இடத்தில் இரவல் வாங்கப்பட்டது என்று திக்நாகரின் நூலுக்குள் புகுந்து காட்ட வேண்டும்.

மேலைத் தத்துவத்திலும் இதே ஐயம் வேறு வடிவில் எழுந்தது. இத்தகைய வாதங்கள் அதிகபட்சமாக, நாம் ஒன்றை நம்பியே தீரவேண்டும் என்று காட்டலாம். அது உண்மையாகவே இருக்கிறது என்று காட்டமாட்டா என்று பாரி ஸ்ட்ரவுட் 1968இல் எழுதினார். வான் டில்லின் மாணவர்களில் ஒருவரான ஜான் ஃபிரேம், இந்த வாதம் தனித்து நிற்கப் போதாது, பழைய காரணவாதம் போன்றவற்றின் துணை அதற்குத் தேவை என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். பள்ளிக்குள்ளிருந்தே வந்த இந்த நேர்மையான ஒப்புதல், வெளியிலிருந்து வந்த பல மறுப்புகளைவிடக் கனமானது.

ஸ்ரீபெரும்புதூர்: அனுமானத்தின் எல்லை

முதல் அடுக்குக்கு நெருக்கமான ஒரு கருத்தை, பகுத்தறிவு தன் பலத்தால் மட்டும் இறைவனை எட்டாது என்பதை, ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுசர் (மரபுப்படி 1017–1137) வான் டில்லுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே வலுவாக நிறுவினார். பிரம்ம சூத்திரத்தின் மூன்றாம் சூத்திரத்துக்கு ஸ்ரீபாஷ்யத்தில் அவர் எழுதிய உரையில் நையாயிகரின் (நியாய மரபினரின்) கடவுள் நிரூபணம் ஒவ்வொரு மூட்டாகக் கழற்றப்படுகிறது.

நையாயிகர் வாதம் இது: குடம் செய்யப்பட்டது, அதற்குக் குயவன் உண்டு, மலையும் கடலும் உறுப்புகள் சேர்ந்தவை, ஆகவே செய்யப்பட்டவை, ஆகவே அவற்றுக்கும் ஒரு கருத்தா உண்டு. இராமானுசர் கேட்கிறார்: எல்லாம் ஒரே காலத்தில் செய்யப்பட்டன என்று எப்படித் தெரியும்? வெவ்வேறு காலங்களில் தோன்றியிருக்கலாம் அல்லவா? அப்படியானால் கருத்தா ஒருவரே என்று ஏன் கொள்ள வேண்டும்? தேரையும் மாளிகையையும் பலர் கூடிச் செய்வதைத்தானே காண்கிறோம்? புண்ணிய மிகுதியால் அரும்பெரும் ஆற்றல் பெற்ற உயிர்களே செய்திருக்கக்கூடாதா? குயவனுக்கு உடல் உண்டு. உடலில்லாத கருத்தா எங்கே காணப்பட்டான்? குயவனை உவமையாகப் பிடித்துக்கொண்டு போனால் குயவனைப் போன்ற குறையுள்ள ஒரு கடவுளிடம்தான் போய்ச் சேரலாம், பிரம்மத்திடம் அல்ல.

ஸ்காட்லாந்தின் டேவிட் ஹியூம் எழுதி 1779இல் வெளியான உரையாடல் நூலும், ஒரு கப்பலைக் கட்டப் பலர் கைகோப்பதைச் சுட்டி இதே இடத்தில் அடிக்கிறது. ஹியூம் ஐயத்தை நோக்கிச் செல்ல, இராமானுசர் பக்தியை நோக்கிச் செல்கிறார். பிரம்மத்தை அறிய சாத்திரம் ஒன்றே வழி என்பது அவர் முடிவு. அனுமானம் தோற்ற இடத்தில் அவர் வெளிப்பாட்டை வைக்கிறார். முற்கோள் பள்ளியும் வைப்பது அங்கேதான்.

வேறுபாடு அடுத்த அடியில் தெரிகிறது. விவிலியம் இறைவனின் வாக்கு ஆதலால் நம்பத்தக்கது. இறைவன் உளன் என்பதை விவிலியம் சொல்கிறது. இது வட்டமாகச் சுற்றுகிறதே என்று கேட்டால், இறுதி அளவுகோலைப் பற்றிய எந்த வாதமும் இப்படித்தான் சுற்றும், பகுத்தறிவை நம்புகிறவரும் பகுத்தறிவைக் கொண்டே அதை நிறுவுகிறார் என்று வான் டில் விடை தருகிறார். இந்தியத் தருக்கத்தில் இதற்கு அன்னியோன்னியாசிரயம் என்று பெயர். ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் குற்றம். வேதம் இறைவன் மொழிந்தது என்று கொண்ட நையாயிகர், இந்தக் குற்றத்துக்கு அஞ்சியே இறைவனை முதலில் அனுமானத்தால் நிறுவ முயன்றார். வேதாந்தி வேறு வழியில் தப்பினார். அவருக்கு வேதம் எவராலும் இயற்றப்படாதது. அதன் பிரமாணத் தன்மை அதற்குள்ளேயே இருப்பது, இறைவனின் சான்றிதழ் அதற்குத் தேவையில்லை. ஆகவே இராமானுசரின் கட்டுமானத்தில் இந்தக் குறிப்பிட்ட வட்டம் இல்லை. இயற்றப்படாத நூல் என்பதை ஏற்பது கடினம் என்று ஒருவர் கருதலாம். ஆனால் தருக்க அமைப்பைப் பொறுத்தவரை, சாத்திரத்தை அடித்தளமாக வைக்கும் இரண்டு முறைகளில் ஸ்ரீபெரும்புதூரின் முறையே கட்டுக்கோப்பானது.

சைவ சித்தாந்தம் மூன்றாவது பாதையில் போகிறது. 13ஆம் நூற்றாண்டின் சிவஞான போதம் தன் முதல் சூத்திரத்திலேயே, தோன்றி நின்று ஒடுங்கும் உலகிலிருந்து அதை ஒடுக்கித் தோற்றுவிக்கும் முதல்வனை அனுமானத்தால் பெறுகிறது. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் பிற மதங்களைப் பரபக்கத்தில் மறுத்துவிட்டுத் தன் கொள்கையைச் சுபக்கத்தில் தொடங்கும்போது, முதலில் வைப்பது அளவை இயல். எதைக்கொண்டு அறிகிறோம் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் பேச்சு தொடங்குகிறது. முற்கோளை மறைக்காதே என்ற வான் டில்லின் அறிவுரை இந்த மரபில் நூல் அமைப்பாகவே இருந்திருக்கிறது.

தாம்பரம், 1938

கிறிஸ்தவர்களுக்குள்ளேயே இவ்வினா மோதலாக வெடித்தது தாம்பரத்தில்தான். சென்னை ஜார்ஜ் டவுனிலிருந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்தின் காட்டு நிலத்துக்கு இடம்பெயர்ந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் பன்னாட்டு அருட்பணி மன்றத்தின் உலக மாநாடு அந்தப் புது வளாகத்தில் கூடியது. சீனாவின் ஹாங்சௌவில் நடக்கவிருந்த மாநாடு அது. ஜப்பானியப் படையெடுப்பால் இங்கே மாற்றப்பட்டது. 471 பேராளர்கள் வந்திருந்தார்கள். ஆசிய, ஆப்பிரிக்கத் திருச்சபையினர் அவர்களில் பாதிக்கும் மேல். போரில் எதிரெதிரே நின்ற சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்தவர்கள் ஒரே கூரையின் கீழ் அமர்ந்தார்கள்.

மாநாட்டுக்கென்று மன்றம் கேட்டுக்கொண்டபடி, ஜாவாவில் பணியாற்றிய டச்சு அறிஞர் ஹெண்ட்ரிக் கிரேமர் கிறிஸ்தவரல்லாத உலகில் கிறிஸ்தவச் செய்தி பற்றிய பெரிய நூலொன்றை எழுதியிருந்தார். ஒவ்வொரு சமயமும் பிரிக்க முடியாத ஒரு முழுமை. அதன் துண்டுகளைப் பிய்த்தெடுத்து இது நம்மோடு ஒக்கிறது, இதிலிருந்து தொடங்கலாம் என்று சொல்ல முடியாது என்றார் அவர். கிறிஸ்துவில் வந்த வெளிப்பாடு எந்தச் சமயத்தின் நிறைவும் அன்று, அவற்றின்மீது வரும் தீர்ப்பு. உண்மையான தொடுபுள்ளி ஏதேனும் உண்டென்றால் அது அருட்பணியாளரின் மனப்பாங்குதான் என்றும் எழுதினார். கிரேமரும் வான் டில்லும் ஒரே பள்ளியினர் அல்லர். கிரேமர் சுவிட்சர்லாந்தின் இறையியலாளர் கார்ல் பார்த்தின் தாக்கம் பெற்றவர். அந்தப் பார்த்தை வான் டில் 1946இல் ஒரு நூல் முழுக்க மறுத்தார். ஆயினும் பொதுத்தளம் இல்லை என்ற மையக் கூற்றில் இருவரும் அண்டை வீட்டார்.

கிரேமருக்கு எதிர்ப்பு இரண்டு பக்கங்களிலிருந்து வந்தது. சென்னையின் வழக்குரைஞர் வெங்கல் சக்கரை, நீதிபதியாக இருந்த பாண்டிப்பெத்தி செஞ்சையா ஆகியோர் அடங்கிய குழு, இந்தியாவில் கிறிஸ்தவத்தை மறுபடி சிந்திப்பது பற்றிய கட்டுரைத் தொகுப்பை அதே 1938இல் வெளியிட்டது. அவர்களுக்கு இந்து மரபு வெளியே நின்று அளக்கும் பொருளாக இருக்கவில்லை. அவர்கள் பிறந்து வளர்ந்த வீடு அது. அந்த வீட்டிலிருந்து கிறிஸ்துவிடம் வந்தவர்களைப் பார்த்துத் தொடர்ச்சியே இல்லை என்று சொல்வது, அவர்கள் வாழ்க்கையை அழித்து எழுதச் சொல்வதாகும். தமிழ்க் கிறிஸ்தவ இறையியலாளர் ஏ. ஜே. அப்பாசாமி தம் நூல்களில் சுருதி, யுக்தி, அனுபவம் ஆகியவற்றோடு சபையையும் சேர்த்துக் கிறிஸ்தவப் பிரமாணங்களை வகுத்ததும் இத்தகைய மனநிலையிலிருந்துதான்.

மற்றொரு எதிர்ப்பு அந்தக் கல்லூரியின் உள்ளிருந்தே எழுந்தது. ஆல்ஃபிரட் ஜார்ஜ் ஹாக் 1903 முதல் அங்கே தத்துவம் கற்பித்து, 1938 வரை பத்தாண்டுகள் முதல்வராகவும் இருந்தவர். வேதாந்த அறவியலையும் அதன் மெய்யியல் முற்கோள்களையும் பற்றி இளம் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1908இல் ஆய்வுரை எழுதியபோது அவருக்கு ஆசிரியராக இருந்தவர். முற்கோள் என்ற சொல் அந்த வகுப்பறையில் வான் டில்லுக்கு முன்பே புழங்கியது. கர்மம், மீட்பு ஆகிய இரண்டு கருத்துகளை ஒப்பிட்டு 1909இல் நூல் எழுதிய ஹாக், சமயங்கள் வெவ்வேறு முற்கோள்களில் நிற்பதை நன்றாக அறிந்தவர். எல்லாம் ஒன்றே என்று மழுப்பியவர் அல்லர். ஆனாலும் கிரேமரிடம் அவர் ஒரு வேறுபாட்டை வலியுறுத்தினார். சமயக் கொள்கைத் தொகுதி வேறு, ஒரு மனிதர் இறைவனைப் பற்றி வாழும் விசுவாசம் வேறு. கொள்கைகளை ஒப்பிட்டு மறுக்கலாம். உண்மையாகவே இறைவனுள் வாழும் ஒரு கிறிஸ்தவரல்லாதவரை நேரில் சந்தித்தவர், அங்கே இறைவன் பேசவில்லை என்று சொல்லத் துணியமாட்டார்.

இந்த விவாதத்தில் ஹாக்கின் பங்களிப்பே மிக ஆழமானது. முற்கோள் வாதம் மனிதர்களை அவர்களுடைய கொள்கையின் தருக்க முடிவுகளாக மாற்றிவிடுகிறது. நீ இப்படி நம்புகிறாய், ஆகவே நீ அறத்தைப் பற்றிப் பேச உரிமையற்றவன் என்கிறது. எதிரில் இருப்பவர் உயிருள்ள மனிதர் என்பதையும், அவர் வாழ்வு அவர் கொள்கையைவிடப் பெரிதாக இருக்கலாம் என்பதையும் அது கணக்கில் எடுப்பதில்லை.

காஞ்சிபுரத்தில் ஒரு தரை வகுப்பு

கிரேமரின் பக்கத்துக்கு நெருக்கமாக நின்றும் அந்தக் குறையைத் தவிர்க்க முயன்றவர் லெஸ்லி நியூபிகின் (1909–1998). ஸ்காட்லாந்துச் சபையின் பணியாளராக 1936இல் வந்து, 1939 முதல் ஏழாண்டு காலம் காஞ்சிபுரத்தில் இருந்தார். பிறகு தென்னிந்தியத் திருச்சபையின் மதுரை-இராமநாதபுரம் பேராயராகவும், 1965 முதல் 1974 வரை சென்னைப் பேராயராகவும் பணியாற்றினார். காஞ்சியில் இராமகிருஷ்ண மடத்துத் துறவிகளோடு வாரந்தோறும் ஒரு மாலை தரையில் அமர்ந்து படித்தார். ஒரு வாரம் சுவேதாசுவதர உபநிடதம், அடுத்த வாரம் யோவான் நற்செய்தி. அந்த மடத்தின் கூடத்தில் உலகின் பெரிய சமய ஆசான்களின் படங்கள் வரிசையாக மாட்டப்பட்டிருந்தன. இயேசுவின் படமும் அவற்றுள் ஒன்று. கிறிஸ்துமஸ் அன்று அந்தப் படத்துக்கு வழிபாடு நடக்கும். நியூபிகின் அதில் அன்பைக் கண்டார். கூடவே மற்றொன்றையும் கண்டார். இயேசு அங்கே ஏற்கெனவே அமைந்திருந்த ஒரு சட்டகத்துக்குள் மாட்டப்பட்டுவிட்டார். அந்தச் சட்டகத்தையே கேள்வி கேட்பவராக அவர் அங்கே இல்லை.

1974இல் இங்கிலாந்து திரும்பியபோது, தம் சொந்த நாடும் அதையே செய்திருப்பதை அவர் உணர்ந்தார். அங்கே சட்டகம் அறிவொளிக் காலத்துப் பகுத்தறிவு. 1989இல் வந்த அவருடைய நூல், யானையைத் தடவிய குருடர் கதையைத் திருப்பிப் போடுகிறது. குருடர் ஒவ்வொருவரும் ஒரு பகுதியைத்தான் அறிந்தார் என்று சொல்ல, கதை சொல்பவர் முழு யானையையும் பார்த்திருக்க வேண்டும். எல்லாச் சமயமும் பகுதி உண்மையே என்பவர், தமக்கு மட்டும் முழுப் பார்வை உண்டு என்று சொல்லாமல் சொல்கிறார். நடுநிலை இல்லை என்ற முதல் அடுக்குக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைப்பது அரிது. ஆனால் இரண்டாம் அடுக்குக்கு நியூபிகின் போகவில்லை. தத்துவ அறிஞர் மைக்கேல் போலனியைப் பின்பற்றி, அறிவு என்பது ஒருவர் பொறுப்பேற்று முன்வைக்கும் உறுதிப்பாடு, அது எல்லோருக்கும் உரியது என்ற நோக்கோடு பொதுவில் வைக்கப்பட்டுச் சோதிக்கப்பட வேண்டும் என்றார். எதிர்நிலை சாத்தியமே இல்லை என்று அவர் முழங்கவில்லை, சாட்சி சொன்னார். காஞ்சியின் தரையில் உபநிடதத்தைப் படித்தவருக்கு அந்த முழக்கம் வராததில் வியப்பில்லை.

அறம் என்ற பொதுத்தளம்

பொதுத்தளம் உண்டா என்பதற்குக் கொள்கை நூல்களுக்கு வெளியே ஒரு சோதனை இம்மாவட்டத்திலேயே இருக்கிறது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர், மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலமின்மை பற்றி 1891இல் அறிக்கை எழுதினார். பஞ்சமி நில ஒதுக்கீட்டுக்கு 1892இல் அது வழிவகுத்தது. செங்கல்பட்டுப் பகுதியில் பணியாற்றிய ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆடம் ஆண்ட்ரூ அம்மக்களுக்காகத் தொடர்ந்து குரல் கொடுத்தார். 1929 பிப்ரவரி 17, 18 நாள்களில் டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன் தலைமையில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, சாதிப் பட்டங்களைத் துறக்கவும் பெண்களுக்குச் சொத்துரிமை தரவும் தீர்மானித்தது. பாதிரியார், அரசு அதிகாரி, கடவுள் மறுப்பை நோக்கிச் சென்ற இயக்கம் என மூவரின் முற்கோள்களும் வேறுவேறு. ஆனால் பிறப்பால் ஒரு மனிதரை இழிவுபடுத்துவது தீது என்பதை மூவரும் கண்டார்கள்.

இங்கே முற்கோள் பள்ளியின் கேள்வி நியாயமானது: மனிதர் சமம் என்பதைக் கடவுள் மறுப்பாளர் எதன்மீது நிறுத்துகிறார்? அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. அதே சமயம், கடவுளை முற்கோளாகக் கொண்ட சமூகங்கள் நூற்றாண்டுக் கணக்கில் அந்தச் சமத்துவத்தை ஏன் காணவில்லை என்ற எதிர்க்கேள்விக்கும் அதே எடை உண்டு. இந்தப் பொதுக் காட்சியையே இறைவனின் பொதுவருள் என்று வான் டில் விளக்குவார். அப்படி விளக்கலாம். ஆனால் அவ்வாறு விளக்கிய கணத்திலேயே பொதுத்தளம் ஒன்று இருப்பது ஒப்புக்கொள்ளப்பட்டுவிடுகிறது.

காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குக் கற்பிக்கும் தருக்கம் இதை விதியாகவே சொல்கிறது. ஏதுவின் (வாதத்துக்குக் காட்டும் காரணத்தின்) குற்றங்களில் அன்னியதாசித்தம் ஒன்று. வாதி ஏற்று எதிர்வாதி ஏற்காத ஏது. ஒலி செய்யப்படுவது, ஆகவே அழியும் என்று சாங்கியனிடம் வாதிட்டால் அது பயன்படாது. ஒலி செய்யப்படுவதில்லை, வெளிப்படுகிறது என்பது அவன் கொள்கை. எதிர்வாதி ஏற்காததை ஏதுவாக வைத்தால் அது அவனுக்கு ஏதுவே ஆகாது. விவிலியத்தின் திரியேக இறைவனை ஏற்காதவரிடம் அந்த இறைவனையே தொடக்கமாக வைப்பது இந்தக் குற்றத்துக்குள் விழும். முற்கோள் பள்ளி இதைக் குற்றம் என்று கருதாது, நேர்மை என்று கருதும். ஆயினும் நேர்மையான அறிக்கை வேறு, எதிரில் இருப்பவரைக் கட்டுப்படுத்தும் நிரூபணம் வேறு.

கடல்மல்லைப் பாறை

சட்டகமும் சான்றும் எப்படி ஒன்றையொன்று தொடுகின்றன என்பதை மாமல்லபுரத்தில் கண்ணால் பார்க்கலாம். ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுள்ள பெரும்பாறைச் சிற்பத்தில், எலும்பு தெரிய மெலிந்த தவசி ஒருவர் ஒற்றைக்காலில் நிற்கிறார்; அருகே நான்கு கைகளோடு சிவன் வரமளிக்கிறார். தவசி அர்ச்சுனன் என்று கொண்டால் முழுப் பாறையும் பாசுபதம் பெறும் கதை ஆகிறது. பகீரதன் என்று கொண்டால் அதே யானைகளும் முனிவர்களும் கங்கை இறங்கும் காட்சிக்குச் சாட்சிகளாகிறார்கள். வெற்று உண்மை இல்லை என்ற வான் டில்லின் கூற்றுக்கு இந்தப் பாறை நல்ல உதாரணம்.

ஆனால் பாறை ஊமையாகவும் இல்லை. நடுவே ஒரு பிளவு; அதில் நாகர்கள் கைகூப்பி மேலே எழுகிறார்கள்; உச்சியில் நீர் தேக்கியதற்கான தொட்டிச் சுவடுகள். பிரெஞ்சு அறிஞர் விக்டர் கொலுபேவ் 1914இல் கங்கை வாசிப்பை முன்வைத்தபோது இவற்றைக் கவனிக்க வேண்டியதாயிற்று. அர்ச்சுனன் என்போரும் இவற்றுக்கு விடை சொல்ல வேண்டியதாயிற்று. சட்டகம் வேறானாலும் பிளவு இருவர் கண்ணுக்கும் பிளவுதான். இரண்டில் ஒன்றே சரி, ஒன்று விழுந்தால் மற்றது நிற்கும் என்ற எண்ணத்தோடுதான் விவாதம் பெரும்பாலும் நடந்தது. 1994இல் பத்மா கைமல், இரண்டு கதைகளும் ஒருசேரத் தோன்றும்படிச் சிற்பிகள் வேண்டுமென்றே செதுக்கினார்கள் என்று வாதிட்டார். அவருடைய வாசிப்பு ஒருவருடைய சட்டகத்துக்குள்ளும் அடங்கவில்லை. ஆனால் இருதரப்பும் பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருந்த அதே பிளவையும், அதே தவசியையும், அதே சிவனையும் கொண்டுதான் அது கட்டப்பட்டது.